கைக்கு உரைக்கும் விசை: வீட்டு வானூர்திப் பயிற்சியில் எது மெய்? எது மிகை?



கடாரத்து மக்களுக்கு வானூர்தி புதிதன்று. அலோர்ஸ்டார், கெப்பாலா பத்தாசில் வான்படைக் கல்லூரி இருக்கிறது. லங்காவியில் 1991-ஆம் ஆண்டு லீமா வான்கண்காட்சி தொடங்கியது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் விமானி ஆக விரும்புவதில் வியப்பில்லை.

அவ்விருப்பம் இன்று வீட்டுக் கணினியிலேயே தொடங்கிவிடுகிறது. விமானம் ஓட்டும் பாவனை மென்பொருளும், அதற்கு ஒரு ஜாய்ஸ்டிக்கும் இருந்தால் போதும். ஜாய்ஸ்டிக்குகளுள் விலை மிகுந்தது 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்' வகை. தமிழில் இதனை விசைப் பின்னூட்டப் பிடி எனலாம். உள்ளிருக்கும் மின்னோடிகள் நம் கையைத் திருப்பித் தள்ளும். 1997-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட சைட்விண்டர் பிடியால் இது வீடுகளில் பரவியது. 2003-இல் அந்நிறுவனம் அவ்வரிசையைக் கைவிட்டது. அண்மைய ஆண்டுகளில் மோசா முதலிய நிறுவனங்கள் இவ்வகையை மீண்டும் விற்பனைக்குக் கொண்டு வந்துள்ளன.

"இதை வாங்கிக் கொடுத்தால் பையன் பைலட் ஆவானா, ஐயா?" எனப் பெற்றோர் கேட்கின்றனர். ஆயிரக்கணக்கான ரிங்கிட் தொடர்பான கேள்வி இது. என் கருத்து இதுதான்: இப்பிடி நல்லதோர் ஆசிரியர். ஆனால், உண்மை பேசும்படி அதனைத் திருத்தி வைத்தால் மட்டுமே!

விசை சொல்லும் செய்தி

செஸ்னா 172 போன்ற சிறு பயிற்சி விமானங்களில், விமானியின் கைப்பிடி கம்பிவடத்தால் வாலோடும் இறக்கையோடும் இணைந்திருக்கும். காற்று அவற்றின் அசையும் பலகைகளை அழுத்துவதை அவர் கையில் உணர்வார். வேகம் இரு மடங்கானால் அவ்வழுத்தம் நான்கு மடங்காகும். இறக்கை தூக்குவிசையை இழக்கும் 'ஸ்டால்' நிலை நெருங்கும்போது பிடி தளர்ந்து போகும். கண் கருவிகளைப் பார்க்குமுன் கை அறிந்துகொள்ளும் எச்சரிக்கை அது.

'ட்ரிம்' என்பதும் அத்தகையதே. மூக்கை உயர்த்த விமானி பிடியை இழுத்துப் பிடிக்கிறார். கையில் பாரம் நீங்கும் வரை ட்ரிம் சக்கரத்தைத் திருப்புகிறார். சுருள்வில் பொருத்திய சாதாரண ஜாய்ஸ்டிக்கில் இதனைச் சரியாகக் கற்க இயலாது. அதன் நடுநிலை ஓரிடத்திலேயே நிற்கும். விசைப் பின்னூட்டப் பிடியிலோ நடுநிலையே கை இருக்கும் இடத்திற்கு நகர்ந்து வரும். இப்பிடியின் பெரும்பயன் இதுவே என்பேன்.

ஆயினும் நம் பிள்ளைகள் விசையை நூறு விழுக்காட்டில் வைத்து, பிடி அதிர்வதை வேடிக்கை பார்க்கின்றனர். விசயதசமியில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறோம் அல்லவா? இறுக்கிப் பிடித்தால் எழுதுவது நம் கை. குழந்தை ஒன்றும் கற்காது. விசையும் அப்படித்தான்!

திருத்தும் முறை

1. பிடியை மேசையோடு அசையாமல் பொருத்துக. மேசை ஆடினால் விசை பொய்யாகும்.

2. மொத்த விசையைப் பாதியில் தொடங்குக. மின்னோடிக்கு ஓர் எல்லை உண்டு. அளவு மிகுந்தால் பெரிய விசைகள் எல்லாம் அவ்வெல்லையில் முட்டி, ஒன்றுபோலவே தோன்றும். வேகங்களுக்கிடையிலான வேறுபாடு மறைந்துவிடும்.

3. கணினி அமைப்பில் உள்ள நடுநிலைச் சுருள்வில் விசையை அணைத்துவிடுக. மென்பொருள் தன் விசையை அனுப்பும்போது, இரண்டும் மோதி ட்ரிம் உணர்வைக் கெடுக்கும்.

4. கையை எடுத்ததும் பிடி முன்னும் பின்னும் ஊசலாடினால், தணிப்பு விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

5. இயந்திர அதிர்வு முதலிய அலங்காரங்களைக் குறைத்திடுக.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. அதே விமானம், அதே உயரம், அதே வேகத்தில் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுக. இதுவே அறிவியல் பாடமும் ஆகும்!

எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டா. நம் பிள்ளைகள் கனவு காணும் ஏர்ஏசியாவின் ஏர்பஸ் ஏ320-இல் விமானியின் பக்கவாட்டுப் பிடி சுருள்வில்லால்தான் இயங்குகிறது. காற்றின் அழுத்தம் கைக்கு வராது. ஒரு விமானியின் அசைவை மற்றவர் கை உணராது. 28.12.2014 அன்று 162 பேரோடு சாவகக் கடலில் வீழ்ந்த இந்தோனேசிய ஏர்ஏசியா விமானத்தில், நெருக்கடியின்போது இரு பிடிகளும் ஒருசேர இயக்கப்பட்டன என்பது விசாரணையில் தெரியவந்தது. விபத்துக்கு அது ஒன்றே காரணமன்று. அவ்வகை விமானங்கள் 1988 முதல் பல நாடுகளில் பறந்து வருகின்றன. போயிங் 777 மின்குறிப்பால் இயங்கினாலும், அதன் இரு பிடிகளும் இணைந்திருக்கின்றன. செயற்கை விசையும் தருகின்றன. கைக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில் பொறியாளர்களே இருவழி செல்கின்றனர்.

எனவே, ஏ320 ஓட்டிப் பழக விரும்பும் சிறுவனுக்குச் சாதாரண ஜாய்ஸ்டிக்கே போதும்; அதுவே உண்மைக்கும் நெருக்கமானது. சிறு விமானத்தைப் பழகி, சில மாதங்கள் ஆகியும் ஆர்வம் குன்றாதவனுக்கு விலை மிகுந்த பிடியைப் பற்றிப் பின்னர் எண்ணலாம். மென்பொருள் அப்பிடியை ஏற்குமா, தனி இடைமென்பொருள் வேண்டுமா என்பதை முன்பே உறுதி செய்துகொள்க.

பெற்றோரே! வீட்டில் ஓட்டும் மணிக்கணக்கு விமானிப் பயிற்சிப் பதிவேட்டில் ஏறாது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் உடல்நலமும் இல்லாமல் எந்தப் பிடியும் பிள்ளையை வானில் ஏற்றாது. அந்தப் பணத்தை முதலில் அவற்றுக்குச் செலவிடுங்கள். பிடி ஏற்கெனவே வீட்டில் இருப்பின், இன்றே அதன் விசையைப் பாதியாக்கி, ட்ரிம் செய்யப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். கை கற்கத் தொடங்கும்.