பீரோ வரும் வழி

புது வீடு பார்க்கக் கிளம்புகிறீர்களா, சகோதரி? ஹால் அகலமா, சமையலறையில் வெளிச்சம் உண்டா, தண்ணீர் தட்டில்லாமல் வருமா என்றெல்லாம் கேட்பீர்கள். சரிதான். ஆனால், பிறந்த வீட்டுச் சீதனமாக வந்த தேக்கு பீரோ எந்த வழியாக உள்ளே வரும் என்று கேட்டீர்களா?

இந்தக் கேள்வியை முந்நூறு வருஷங்களுக்கு முன்பே யோசித்தவர்கள் உண்டு. ஹாலந்து தேசத்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், 17-ம் நூற்றாண்டில் கால்வாய்க் கரையோரம் கட்டிய வீடுகள் இன்றும் இருக்கின்றன. முகப்பு குறுகல், மாடிப்படியோ ஏணி மாதிரி செங்குத்து. கட்டிலும் மேஜையும் அதில் ஏறாது என்பது கட்டியவர்களுக்கே தெரியும். அதனால் வீட்டு உச்சியில் ஓர் உத்தரத்தை வெளியே நீட்டி, கொக்கி மாட்டி வைத்தார்கள். அதில் கப்பியைக் கட்டி, கிணற்றில் நீர் இறைப்பது போலச் சாமானை மேலே இழுத்து, அகலமான ஜன்னல் வழியாக உள்ளே வாங்கிக் கொள்வார்கள். சாமான் சுவரில் இடிக்காதிருக்கப் பல வீடுகளின் முகப்பைச் சற்று முன்பக்கம் சாய்த்தே கட்டினார்கள்!

நம் ஃபிளாட்டுகள் பலவற்றில் குறுகிய படி மட்டும் இருக்கிறது, கொக்கி இல்லை. பால்கனி வழியாக ஏற்றலாமென்றால், திருடனுக்குப் பயந்து இரும்புக் கிராதி போட்டு அடைத்திருக்கிறோம். கடைசியில் அருமையான பீரோ, வந்த விலைக்குப் போய்விடுகிறது.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்குமுன் தையல் பெட்டியிலுள்ள டேப்பை எடுத்துச் செல்லுங்கள். வாசல் நிலை, லிஃப்டின் உட்புறம், படி திரும்புமிடம் மூன்றையும் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். பெரிய இரட்டைக் கட்டில் மெத்தை 78 அங்குல நீளம், 72 அங்குல அகலம் இருக்கும். வாசலில் நிமிர்த்தி நுழைத்துவிடலாம். படித் திருப்பத்தில்தான் அது பிடிவாதம் பிடிக்கும். கட்டிலை, மரையாணி கழற்றிப் பிரிக்கக் கூடியதாக வாங்குங்கள். பால்கனிக் கிராதியில் ஒரு பகுதியைக் கதவு போலத் திறந்து பூட்டும்படி செய்யச் சொல்லுங்கள்.

பீரோவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நடுநிசியில் மாமியாருக்கு மார்வலி என்றால், ஸ்ட்ரெச்சரும் அதே படியில்தான் இறங்க வேண்டும். அது ஏறக்குறைய ஆறடி நீளம். பீரோவைச் சாய்க்கலாம், நிமிர்த்தலாம். நோயாளியை அப்படிச் செய்ய முடியுமா?

வாடகையைக் குறைப்பாரா என்று வீட்டுக்காரரிடம் பேரம் பேசுமுன், படி திரும்புமிடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.