சுட்ட குழலுக்கு முதற் சிசுருஷை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிறிஸ்துமஸ் பண்டிகை கழிந்த பிற்பாடு தொடங்கி ஜனவரி மாதத்துக் கடுங்குளிரிலும் நீடிக்கும் ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. 1974ஆம் ஆண்டில் ஏற்பட்ட அப்பருவத்தின் விசேஷம், தோட்டாத் துப்பாக்கிக்கு அதில் இடமில்லை என்பதே. குழலின் வாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் இட்டுக் கோலால் கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியினால் வெடிக்கச் செய்யும் பழைய முறைத் துப்பாக்கியையே வேட்டைக்காரர்கள் ஏந்திச் செல்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அம்மாநிலத்து லான்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் வடித்த நீண்ட குழல் துப்பாக்கிகளின் மரபு இது. வேட்டையாடுதல் தகுமா, தகாதா என்னும் பெரிய விவாதத்தில் நான் இப்போது புகவில்லை. ஆனால் பழைய கருவிக்கென்று அரசாங்கம் தனிப் பருவமே வகுத்துக் கொடுத்திருக்கும்போது, அந்தச் சலுகையைப் பெறுகிறவர்கள் அக்கருவி கேட்கும் பழைய ஊழியத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பதும், அந்த ஊழியம் வீட்டிற்குத் திரும்பியபின் அல்ல, குண்டு புறப்பட்ட இடத்திலேயே தொடங்குகிறது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

காரணம் மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. கருமருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. அது எரியும்போது முழுவதும் புகையாகப் போய்விடுவதில்லை, எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு திடப் பொருளாகவே எஞ்சுகிறது. அதில் பெரும் பகுதி புகையோடு வெளியே வீசப்பட்டாலும், மிச்சம் குழலின் உட்சுவரிலும், அங்கே சுற்றிச் சுற்றிச் செல்லும் புரிகளின் இடுக்கிலும், எல்லாவற்றிற்கும் மேலாக மருந்து தங்கும் அடிப்பாகத்திலும் கரிய பூச்சாகப் படிந்துவிடுகிறது. பொட்டாசியத்தின் கார்பனேட்டும் சல்பேட்டும் சல்பைடுமாகிய அந்த உப்புகள், ஐப்பசி அடைமழையில் கசிந்து நிற்கும் உப்பு ஜாடியைப் போலவே, காற்றிலுள்ள ஈரத்தைத் தாமாக இழுத்துக்கொள்ளுகின்றன. உப்பும் ஈரமும் காற்றும் இரும்பின்மேல் ஒன்றுகூடிய பிறகு துருவைத் தடுப்பார் யார்? ஈரப்பசை மிகுந்த நாளில் மாலையில் சுட்ட குழலை மறுநாள் காலையில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால், துணி கறுப்பாக அன்றிச் செம்பழுப்பாக வெளிவரும்.

இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அன்றிரவே வீட்டில் நன்றாகக் கழுவிவிடுகிறோமே, காட்டில் எதற்கு இந்த அவஸ்தை என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லுகிற பேச்சுத்தான். ஆனால் வேட்டை நாளின் நடப்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை. சுடப்பட்ட மான் எப்போதும் உடனே விழுந்துவிடுவதில்லை. இரத்தச் சுவட்டைப் பின்பற்றி நடக்க வேண்டும், கண்ட பின் குடலை நீக்க வேண்டும், பனியில் பாதை வரைக்கும் இழுத்து வர வேண்டும், பிறகு வண்டியில் நெடுந்தூரம் செல்ல வேண்டும். களைத்து வீடு சேர்ந்தவனுக்கு வெந்நீர்க் குளியலும் படுக்கையுமே தெய்வமாகத் தோன்றும். அதற்குள் பல மணி நேரம் கடந்துவிடுகிறது.

இன்னும் பெரிய தவறு ஒன்றுண்டு. சிலர் காட்டிலேயே ஏதோ செய்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தினால், கரி படிந்த குழலுக்குள் நேராக இயந்திர எண்ணெயை விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் உப்பைக் கரைப்பதில்லை. உப்பின்மேல் ஒரு போர்வையாகப் படுத்து, அடியிலிருக்கும் ஈரத்தை அங்கேயே சிறைப்படுத்தி, கரியோடு கலந்து தார் போன்ற பிசினாகிவிடுகிறது. கரைக்க வல்லது நீர் ஒன்றே. துருவுக்கு மூலம் நீர் என்று அஞ்சுகிறவன், துருவை உண்டாக்கும் உப்புக்குப் பகையும் அதே நீர்தான் என்பதை உணர வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவே. குழலில் உயிருள்ள மருந்து எதுவும் இல்லை என்பதைக் கோலை உள்ளே விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று முன்பே இட்டு வைத்த அடையாளத்தோடு ஒத்துப் பார்த்து நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். பின்பு கோலின் பித்தளை முனையில் பருத்தித் துணித்துண்டைப் பொருத்தி, அதை நீரில் நனைத்துப் பிழிந்து, சொட்டாதபடி ஈரமாக மட்டும் வைத்து, அடிவரை மெல்ல இறக்கி மேலே இழுக்க வேண்டும். சொட்டும் துணியானால் கரைந்த கரி தீ புகும் சிறு துளையில் இறங்கி அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று துண்டுகள் மாறியதும் கறுமை மங்கும். அடுத்து உலர்ந்த துணிகள். அதன்பின் ஆல்கஹால் நனைத்த ஒரு துணி, மிச்சமுள்ள நீரை ஆவியாக்கிக்கொண்டு போய்விடும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய், அதுவும் மெல்லிய ஒரு பூச்சு. நீர் உறைந்துவிடும் குளிரில் கார்க் கண்ணாடி கழுவும் உறையாத நீல நீரைச் சிலர் சிறு புட்டியில் எடுத்துச் செல்லுகிறார்கள். அது விஷமாகையால் கையாளும்போது ஜாக்கிரதை அவசியம். ஜெர்மனியில் 1904இல் தோன்றிய பாலிஸ்டால் என்னும் எண்ணெய் நீரோடு கலந்து பால்போல் ஆகும் தன்மையுடையதாதலால், கரைக்கும் வேலையையும் காக்கும் வேலையையும் ஒன்றாகவே செய்கிறது. எனக்கு அதன்மேல் மதிப்புண்டு.

பனியில் கிடந்த துப்பாக்கியை உடனே கணப்புச் சூடேறிய அறைக்குள் கொண்டு வந்தால் அதன் இரும்பெங்கும், குழலின் உள்ளேயும், நீர் வியர்த்துவிடும். உறையிலிட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்து மெதுவாகச் சூடேற விடுவதே நன்று. மறுநாள் மீண்டும் கெட்டிப்பதற்கு முன் எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க மறக்கலாகாது. மறந்தால் மருந்து எண்ணெய் குடித்துப் பற்றாமல் போய், கெட்டித்த குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. கருமருந்துக்குப் பதிலாக வழங்கும் பைரோடெக்ஸ் போன்றவற்றை உபயோகிப்பவர்களும் கவலையின்றி இருந்துவிட முடியாது. பைரோடெக்ஸிலுள்ள பொட்டாசியம் பெர்குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடாக எஞ்சுகிறது, அதுவோ இரும்பைத் தின்பதில் கருமருந்தின் கசடையும் மிஞ்சியது.

இந்தத் தற்காலிகக் காப்பு முழுச் சுத்தத்திற்கு ஈடல்ல. வீட்டிற்குப் போனதும் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு குழலை முற்றக் கழுவித்தான் ஆக வேண்டும். கொதிநீர் வேண்டுமென்பது பழைய வழக்கம். ஆனால் அது சூடான இரும்பில் விரைந்து உலர்ந்து, மெல்லிய துருப் படலத்தை விட்டுப் போவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

வேட்டைக்காரர்களுக்குப் பென்சில்வேனியாவில் பாடவகுப்புகள் நடைபெறுகின்றன. துப்பாக்கியைக் கையாளும் ஜாக்கிரதையும், மிருகங்களை இனங்காணும் அறிவும் அங்கே போதிக்கப்படுகின்றன. பழைய துப்பாக்கி ஏந்தப் போகிறவர்களுக்கு இந்த முதற் சிசுருஷையும் அங்கேயே செய்து காட்டப்பட வேண்டும். ஒரே மாதிரி இரண்டு மலிவான குழல்களை முதல் நாள் மாலை சுட்டு, ஒன்றை மட்டும் ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் பூசி, மற்றொன்றை அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் இரண்டிலும் வெள்ளைத் துணியை ஓட்டி மாணவர்களின் கையிலேயே கொடுத்துவிட்டால் போதும்; அதற்கு வேண்டிய செலவு ஒரு புட்டி நீரும் சில துணித்துண்டுகளுமேயாகும்.