365ஆம் பிரிவும் நமது மௌனமும்

வயது வந்த இருவர் தமது சம்மதத்துடன் கொள்ளும் உறவை விசாரிக்கும் அதிகாரம் பொலிஸாருக்கு இருக்க வேண்டுமா? 2023ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் முன் வந்து, வாக்கெடுப்பைக் காணாமலே போய்விட்ட கேள்வி இது.

தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகள் பிரித்தானியர் விட்டுச்சென்றவை. சட்டக்கோவை 1883இற்குரியது. 365ஆம் பிரிவின் கீழ் பத்தாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சுதந்திர இலங்கை இவற்றை நீக்கவில்லை. மாறாக, 1995இல் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரிவுபடுத்தியது. இதனால் ரோசானா ஃபிளேமர்-கல்தேராவின் உரிமைகள் மீறப்பட்டதாக, பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் முடிவு கூறியது.

அதற்கு அடுத்த ஆண்டு பிரேம்நாத் சி. தொலவத்த எம்.பி. தனிநபர் சட்டமூலமொன்றைக் கொண்டுவந்தார். சிறுவர்களுக்குத் தீங்கு நேரும் என்றெல்லாம் ஆட்சேபித்து உயர் நீதிமன்றம் சென்றோர் உண்டு. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்பதே நீதிமன்றத்தின் தீர்மானமாகும். சிறுவரைப் பாதுகாக்க 365ஆ போன்ற பிரிவுகள் வேறாகவே உள்ளமை குறிப்பிடத்தக்கது.

மத நம்பிக்கையின் பேரில் இவ்வுறவை ஏற்காதோர் நம் வாசகரிடையே பலராவர். அந்நம்பிக்கையைக் கைவிடுமாறு நாம் கோரவில்லை. ஆயினும் பாவம் வேறு, குற்றம் வேறு. வட்டியும் மார்க்கத்தில் விலக்கப்பட்டதே. அதற்காக வங்கி முகாமையாளருக்கு விலங்கு பூட்டுமாறு எவரும் கேட்பதில்லை.

நமக்கு இதில் மற்றோர் அக்கறையும் உண்டு. இன்னார் என்பதற்காகவே சந்தேகிக்கப்படுவதன் வலியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தமிழர் பல்லாண்டுகளாக அறிவர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்களும் அதனை அறிந்தனர். வழக்குத் தொடரப்படாவிடினும், மிரட்டிப் பணம் பறிப்பதற்கு இத்தகைய பிரிவு ஏட்டில் இருப்பதே போதுமானது. மிரட்டப்பட்டவர் முறைப்பாடு செய்ய எந்தப் பொலிஸ் நிலையத்தின் படியேறுவார்?

இந்தியாவில் 377ஆம் பிரிவின் பிடியை 2018இல் உச்ச நீதிமன்றமே தளர்த்தியது. இங்கு அவ்வழி அடைபட்டுள்ளது. அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் பழைய சட்டங்கள் செல்லும் என அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆகவே பாராளுமன்றமே மாற்ற வேண்டும். அதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும். எனினும், 2024 செப்டெம்பரில் சபை கலைக்கப்பட்டதுடன் சட்டமூலமும் காலாவதியாகிவிட்டது.