முழங்கால் உயர மரம்

மரம் என்றவுடன் அண்ணாந்து பார்க்கவே நாம் பழகியிருக்கிறோம். குனிந்து பார்க்க வேண்டிய மரமும் இவ்வுலகில் உண்டு என்பதை அறிவீர்களா?

கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சைபீரியா என வடதுருவத்தைச் சுற்றியுள்ள தூந்திரப் பிரதேசங்களில் வளரும் குட்டை பிர்ச் அத்தகையது. எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். பல இடங்களில் முழங்காலைக்கூட எட்டாது. ஓரங்களில் பல் வெட்டிய வட்டமான அதன் இலை, ஒரு ரூபாய் நாணயத்திற்குள் அடங்கிவிடும். கோடை முடிந்ததும் இவ்விலைகள் செக்கச் சிவந்து, மலைச்சரிவு முழுவதும் கம்பளம் விரித்தாற்போல் காட்சி தரும்.

இதற்கு 'பெட்டுலா நானா' என 1753-இல் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். 'நானா' என்றதும் நம் வீடுகள் சிலவற்றில் அண்ணன் திரும்பிப் பார்ப்பார்! லத்தீன் மொழியிலோ அதற்குக் குள்ளமானது என்று பொருள். லின்னேயஸ் 1732-ஆம் ஆண்டிலேயே லாப்லாந்து முழுதும் சுற்றி அலைந்தவர். அங்கு துருவக் கலைமான்களை மேய்த்து வாழும் சாமி எனும் பழங்குடியினர், கூடாரத்தின் தரையில் பிர்ச் சுள்ளிகளைப் பரப்பி, அவற்றின் மேல் மான் தோலை விரித்துப் படுத்துறங்கி வந்தனர்.

இது ஏன் இவ்வளவு குள்ளமாயிற்று? குளிர்காலத்தில் பனிப் போர்வைக்குள் அடங்கிக் கிடக்கும் கிளையே அங்கு பிழைக்கும். போர்வைக்கு வெளியே தலை நீட்டும் கிளையைப் பனித்துகள் கலந்த சூறைக்காற்று அறுத்து உலர்த்திவிடும். வளர்வதற்குக் கிடைப்பதும் ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களே. ஆதலால் தண்டின் ஆண்டு வளையங்களை நுண்ணோக்கியின் துணையுடனேயே எண்ண முடிகிறது. விரல் பருமனுள்ள தண்டு உங்களைவிட மூத்ததாக இருக்கக்கூடும்.

எனினும் இச்சிறு செடியின் மதிப்பு அதன் நிழலில் இருக்கிறது. தூந்திரத்தின் மேல்மண் கோடையில் சிறிதளவே உருகும். அதன் கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம் உள்ளது. வடபுலத்தின் இந்த உறைநிலப் பகுதிகளில், மக்கிய தாவரங்களின் கரிமம் வளிமண்டலத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு புதைந்திருக்கிறது. உறைந்திருக்கும் வரை அதனால் தொல்லையில்லை.

சைபீரியாவின் இந்திகிர்கா நதிச் சமவெளியில் 2007-ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். பத்து மீட்டர் விட்டமுள்ள சில வட்டங்களில் குட்டை பிர்ச்சை மட்டும் வெட்டி அகற்றினர். பக்கத்து வட்டங்களை அப்படியே விட்டனர். நிழல் இழந்த மண் ஆழமாக உருகத் தொடங்கியது. மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி கரையவே, சில ஆண்டுகளில் நிலமே உள்வாங்கிப் பள்ளமாகி, நீர் தேங்கிற்று. தேங்கிய நீரிலிருந்து மீதேன் வாயு கிளம்பியது. வெட்டியதோ முழங்கால் உயரப் புதர்; சரிந்ததோ அதன் காலடி நிலம்!

அப்படியானால் இச்செடி பெருகப் பெருக நன்மைதானே என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு எளிதாக விடை கூறிவிட முடியாது. 1940-களின் இறுதியில் வட அலாஸ்காவில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை அரை நூற்றாண்டு கழித்து எடுத்த படங்களோடு ஒப்பிட்டபோது, பிர்ச், வில்லோ, ஆல்டர் புதர்கள் பரவியிருப்பது தெரிந்தது. வெப்பம் ஏறுவதன் விளைவு இது. கோடையில் நிழல் தரும் அதே புதர், குளிர்காலத்தில் பனியைத் தடுத்துக் குவித்துக்கொள்கிறது. குவிந்த பனி மண்ணின் வெப்பத்தை வெளியேற விடுவதில்லை.

அலாஸ்காவின் டூலிக் ஏரிக்கருகே 1981 முதல் சில பாத்திகளுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் இட்டு வந்தனர். வெப்பமடையும் மண்ணில் சத்துகள் கூடுதலாகக் கிடைக்குமே, அப்போது என்ன நிகழும் என்று காண்பதே நோக்கம். குட்டை பிர்ச் ஏனைய செடிகளை மூடி ஓங்கி வளர்ந்தது. கண்ணுக்கு அது செழிப்பாகவே தோன்றியிருக்கும். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் அகழ்ந்து கணக்கிட்டபோது, மேலே செடிகள் சேர்த்துவைத்ததைவிட அதிகமான கரிமம் அடிமண்ணிலிருந்து வெளியேறியிருந்தது.