குழந்தைக்கு ஏது வாய்தா?

கும்மிடிப்பூண்டி ரெயில் நிலையம். இரவு நேரம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவன் பேசும் மொழி யாருக்கும் புரியவில்லை. அப்பா, அம்மா எங்கே? தெரியாது. கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

"குடும்ப கோர்ட்டுல கேஸ் போடணும்" என்பார் ஒருவர். "ஏதாவது அநாதை விடுதியில விட்டுடுங்க" என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பு!

புருஷன்–பெண்டாட்டி பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று தகராறு வந்தால்தான் குடும்ப கோர்ட்டு. 1984-ம் ஆண்டுச் சட்டம் அதற்குத்தான். ஆதரவு இல்லாத பிள்ளை, அடி உதை பட்ட பிள்ளை, வேலைக்கு வைத்து வதைக்கப்பட்ட பிள்ளை, இவர்கள் விவகாரம் போகிற இடம் வேறு. அதன் பெயர் குழந்தைகள் நலக் குழு.

மாஜிஸ்திரேட்டு அதிகாரம்

2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் இந்தக் குழு இருக்க வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவராவது பெண். மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கும் உண்டு.

பிள்ளை கிடைத்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுவின் முன்னால் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். போலீசார்தான் வர வேண்டும் என்பதில்லை. பொதுமக்களில் யாரும் அழைத்து வரலாம். பிள்ளையே கூட வரலாம். கூட்டம் இல்லாத நேரமா? ஒரே ஓர் உறுப்பினர் வீட்டில் இருந்தாலும் போதும்.

தனியாகக் கிடந்த பிள்ளையைக் கண்டு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டும் தகவல் சொல்லாமல் போனால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். 1098-க்கு ஒரு போன் போட்டால் போதும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

15 நாள்... 4 மாதம்

குழு உடனே தீர்ப்புச் சொல்லிவிடாது. பிள்ளையின் வீடு எது, ஏன் இந்த நிலைமை என்று சமூகப் பணியாளர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதற்குக் கெடு 15 நாள். முதல் நாளிலிருந்து 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு. அநாதைப் பிள்ளை என்றால், 2 வயது வரை 2 மாதத்துக்குள்ளும், அதற்கு மேல் 4 மாதத்துக்குள்ளும், "தத்துக் கொடுக்கலாம்" என்று அறிவிக்க வேண்டும்.

இந்த அவசரத்திலும் விசாரணையை விட்டுவிடக் கூடாது. ஏன் தெரியுமா? சென்னைத் தெருவோரத்தில் பெற்றோர் பக்கத்தில் தூங்கிய குழந்தைகளைத் திருடி, பெயரை மாற்றி, தத்து என்ற போர்வையில் வெளிநாட்டுக்கு அனுப்பிய கூட்டம் 2005-ல் பிடிபட்டது. அந்தப் பிள்ளைகள் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா வரை போய்ச் சேர்ந்திருந்தார்கள். பெற்றவள் இங்கே தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாள்!

விசாரிக்காமல் அவசரப்பட்டால் பிள்ளை பறிபோகிறது. விசாரணை என்று இழுத்தடித்தால் பிள்ளையின் வாழ்வு பறிபோகிறது. 15 நாள் கெடு வைத்ததே இதற்காகத்தான்.

நேர் ரெயில் இல்லை!

கெடுவைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவிடலாம். கும்மிடிப்பூண்டியில் அது நடக்க வேண்டாமா?

மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே நேர் ரெயில் கிடையாது. சென்னைப் பக்கம் வந்து, அரக்கோணம் மார்க்கத்து வண்டிக்கு மாற வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம் வழியாகச் சுற்ற வேண்டும். சிப்காட்டில் தினக்கூலிக்குப் போகும் ஒரு தாய், பிள்ளையைத் திரும்பக் கேட்டு விசாரணைக்கு வருவதென்றால் அன்றைய கூலி போச்சு. "அடுத்த வாரம் வாம்மா" என்றால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. மூன்றாவது தடவை அவள் வராவிட்டால் "பிள்ளை மேல் அக்கறை இல்லை" என்று எழுதிவிடலாமா?

அடுத்தது மொழி. சிப்காட் ஷெட்டுகளிலும், ஊரில் 'சேம்பர்' என்று சொல்லும் செங்கல் சூளைகளிலும் ஒடிசா, பீகார், வங்காளத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. 2011-ல் திருவள்ளூர் மாவட்டச் சூளையிலிருந்து ஒடிசா கொத்தடிமைகள் 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டதை இந்தப் பக்கம் மறந்திருக்காது. பெரியவர்களோடு பிள்ளைகளும் அந்தச் சூளைப் புழுதியில்தான் கிடந்தார்கள். ஒடியா பேசும் பிள்ளையிடம் தமிழில் கேட்டு என்ன அறிக்கை எழுதுவது? பிள்ளைக்குப் புரியும் மொழியில் விசாரிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அது நடக்காது. பிள்ளை வேற்று ஊர் என்று தெரிந்தால் விசாரித்து, துணைக்கு ஆள் போட்டு, சொந்த மாவட்டத்துக் குழுவிடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஏழ்மை குற்றமா?

ஏழையாக இருப்பது பிள்ளையைப் பிரிக்கக் காரணம் ஆகாது. விடுதி என்பது கடைசி வழி. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பிள்ளை வீட்டிலேயே வளர, தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் ரூ.4 ஆயிரம் தரும் 'மிஷன் வாத்சல்யா' திட்டம் இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் ரூ.2 ஆயிரம் தரும் 'அன்புக்கரங்கள்' திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. இதையெல்லாம் அந்தத் தாயிடம் உட்காரவைத்துச் சொல்வது யார்?

விடுதிகளின் லட்சணமும் ஊரறிந்தது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவது பற்றி 2007-ல் சுப்ரீம் கோர்ட்டில் தொடங்கிய வழக்கில் 2017 மே மாதம்தான் தீர்ப்பு வந்தது. எல்லா விடுதிகளையும் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் போடுங்கள் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. பத்து வருஷம்! வழக்கு தொடங்கியபோது எட்டு வயதாக இருந்த பிள்ளை, தீர்ப்பு வந்தபோது மேஜராகிவிட்டது.

செய்ய வேண்டியது

பிள்ளை வர முடியாவிட்டால் குழுவே பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை விரித்து, மாதம் இரண்டு நாளாவது குழு கும்மிடிப்பூண்டியில் உட்காரட்டும். ஒடியா, இந்தி, தெலுங்கு தெரிந்தவர்கள் பட்டியல் தயாராக இருக்கட்டும்.

குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலுவைக் கணக்கைக் கலெக்டரிடம் கொடுத்தாக வேண்டும். கலெக்டர் சொல்லியும் மூன்று மாதத்தில் நிலுவை தீராவிட்டால் குழுவையே கலைத்துப் புதுக் குழு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலெக்டர் கையில் சாட்டை இருக்கிறது. சுழற்றுவதற்கு என்ன தயக்கம்? 15 நாள் தாண்டிய அறிக்கைகள் எத்தனை என்று மாதாமாதம் அலுவலக வாசலில் எழுதிப் போடட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

குழந்தைகளுக்கென்று இந்தியாவிலேயே முதன்முதலில், 1920-ல், சட்டம் போட்ட மாகாணம் சென்னை மாகாணம். நூறு வருஷப் பெருமை பேசினால் போதாது.

நிலத் தகராறு நாலு வாய்தா தள்ளிப் போனாலும் நிலம் அங்கேயேதான் இருக்கும். பிள்ளை அப்படியா? பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் போய்விடும். தாய் முகம் மறந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறுவனுக்கு வேண்டியது, குறித்த நாளில் ஒரு பதில். அதிகாரிகள் கொடுப்பார்களா?