யாருக்கு அவதூறு, யாருக்கு வெறும் பேச்சு?

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளியானது 2010இல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதை எரித்தவர்கள், ஊரையும் பெண்களையும் நாவல் அவதூறு செய்கிறது என்றார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில் எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டார். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆயிற்று.

அதே 2015, அதே திருச்செங்கோடு. ஜூன் 23 அன்று அர்த்தநாரீசுவரர் கோயிலில் ஆதிக்கசாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார் ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ். அங்கிருந்து அவரைக் கடத்திய கும்பல், தற்கொலை செய்துகொள்வதாகக் கடிதம் எழுத வைத்தது, காணொலியில் பேச வைத்தது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தன் சாவைப் பற்றிய பொய்யைச் செத்தவனின் வாயாலேயே சொல்ல வைத்ததைவிடக் கொடிய அவதூறு உண்டா? ஆனால் ‘அவதூறு’ என்று கொதித்து அன்று எந்தக் கடையும் அடைக்கப்படவில்லை. யுவராஜ் உட்படப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2022 மார்ச்சில்தான்.

இந்தச் சொல்லின் சாய்வு சட்டத்திலும் இருக்கிறது. ஆங்கிலேயச் சட்டம் பேச்சில் செய்யும் அவதூறையும் எழுத்தில் செய்வதையும் பிரித்துப் பார்த்தது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 499, இரண்டையும் ஒன்றாக்கியது. ஆனால் எது நற்பெயருக்குக் கேடு என்று விளக்கும்போது, ஒருவரை அவருடைய ‘சாதி’ சார்ந்து பிறர் மதிப்பில் தாழ்த்துவதையும் சேர்த்துக்கொண்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356இலும் அந்த விளக்கம் தொடர்கிறது. சாதியை ஒரு சொத்தாக, இழக்கக்கூடிய மரியாதையாகச் சட்டமே எண்ணுகிறது. அப்படியானால், பிறப்பிலேயே தாழ்த்தி வைக்கப்பட்டவருக்கு இழக்க என்ன இருக்கிறது?

அவருக்கென்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. அதிலும் சாதிப்பெயர் சொல்லித் திட்டியது பொதுப் பார்வைக்குரிய இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் வெளிச்சாட்சி இல்லாமல் திட்டினால் அது அந்தப் பிரிவின்கீழ் குற்றமாகாது என்று 2020இல் உச்சநீதிமன்றம் சொன்னது. தறிப்பட்டறைக்குள்ளும் பண்ணை வீட்டுக்குள்ளும் விழும் வசவுக்கு யார் சாட்சி வருவார்கள்? அறுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுப் பையன் ‘வாடா’ என்பதற்கு இங்கே பெயர் ‘பேச்சு வழக்கு’.

இனி யாராவது ‘அவதூறு’ என்று கொதித்தால், தோழர்களே, ஒரு கேள்வி கேட்போம்: இந்தச் சொல்லால் உண்மையில் தாழ்த்தப்பட்டவர் யார்? கொதிப்பவரின் பெருமைக்குக் கீறல் விழுந்தது மட்டும்தான் பதில் என்றால், அது அவதூறு அல்ல.