ஆபரேஷன் முடிந்த கட்டைவிரலுக்குப் பட்டை போடணுமா?

"உங்களுக்கு இருக்கிறது பனியன்" என்று டாக்டர் சொன்னதும், "அது எங்க வீட்டுக்காரர் போடுறதுங்களே" என்றாராம் என் பெரியம்மா. டாக்டர் சிரித்துவிட்டு எக்ஸ்ரேவைக் காட்டியிருக்கிறார்.

கால் கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் சாய, அதன் அடிமூட்டு பாதத்தின் உள்பக்க ஓரத்தில் முண்டாகத் துருத்திக்கொண்டு நிற்குமே, அதற்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நம் வீடுகளில் அதற்குத் தனிப்பெயர் கிடையாது. "கால் கோணிக்கிச்சு" என்பார்கள், அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு அது வந்து பல வருஷம். தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை எடுத்துப் போடுகிற வேலை. கட்டைவிரல் சாய்ந்து சாய்ந்து, இரண்டாம் விரலின் மெட்டியை அழுத்திப் புண்ணாக்கிய பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். இப்போது கம்பைநல்லூர் வீட்டில் ஐந்தாவது வாரம்.

பிரச்னை ஆபரேஷனில் இல்லை, அதற்குப் பிறகு கூரியரில் வந்த பெட்டியில். ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன், 400 ரூபாய்க்கு விரல் பட்டை ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் செய்து அனுப்பிவிட்டார். பெட்டி மேலே கோணல் விரல் ஒன்று, பக்கத்திலேயே நேரான விரல் ஒன்று. "இதைக் கட்டலைன்னா எலும்பு திரும்பவும் வெளியே வந்துடும்" என்று எதிர்வீட்டு அக்கா வேறு. டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "நீ பத்திரிகையிலதானே இருக்கிற கண்ணு, கேட்டுச் சொல்லு" என்றார் பெரியம்மா. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இந்த வாரம் உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்த முண்டு புதிதாக வளர்ந்த எலும்பு அல்ல. கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது உள்பக்கம் விலகுகிறது, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. விலகிய எலும்பின் தலைதான் நமக்கு முண்டாகத் தெரிகிறது. அதனால் முண்டை மட்டும் சீவிவிட்டால் வேலை முடியாது. பெரும்பாலான ஆபரேஷன்களில் அந்த நீள எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்குரு போட்டு நிறுத்துகிறார்கள். கோணல் குறைவாக இருந்தால் 'வி' வடிவத்தில் சின்ன வெட்டு, கூடினால் நீளமான 'இசட்' வெட்டு, ரொம்ப மோசமென்றால் மூட்டையே இணைத்துவிடுவதும் உண்டு. இந்த ஒரு கோணலுக்கு 100-க்கும் மேற்பட்ட ஆபரேஷன் முறைகள் மருத்துவப் புத்தகங்களில் இருக்கின்றன. 'அவங்களுக்குச் சொன்னதுதான் எனக்கும்' என்ற கணக்கு இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான்.

அப்போ பட்டை எதற்கு?

வெட்டிய எலும்பைப் பிடித்து வைத்திருப்பது பட்டை அல்ல. ஸ்குருவும், வெட்டின இடத்தில் புதிதாகக் கூடுகிற எலும்பும்தான். அது கூட ஏறக்குறைய 6 முதல் 8 வாரம் ஆகும். (ஆபரேஷன் ஆனவர் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரா? அந்த நாள்களிலாவது விட்டுவிடச் சொல்லுங்கள். நிகோடின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.)

ஆனால் எலும்பைச் சுற்றித் தசைநார்களும் மூட்டுறையும் இருக்கின்றன. பல வருஷமாகக் கோணலுக்குப் பழகியவை. ஆபரேஷனில் ஒரு பக்கத்தைத் தளர்த்தி, மறுபக்கத்தை இழுத்துத் தைக்கிறார்கள். அவை புது நிலைக்குப் பழகும்வரை விரலை நேராகப் பிடித்திருக்க ஏதாவது வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் விரலைச் சுற்றிப் போடும் கட்டு அதற்கும் சேர்த்துத்தான். சொல்லப்போனால் அதுதான் முதல் பட்டை. அது ஈரமாகிவிடக் கூடாது, நாமாக அவிழ்த்துப் பார்க்கவும் கூடாது. பாத்ரூம் தரை எப்போதும் ஈரமாக இருக்கிற வீடுகளில் பாலித்தீன் கவரும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் இல்லாமல் குளியல் வேண்டாம்.

கட்டைப் பிரித்த பிறகுதான் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. சிலர் இரு விரல்களுக்கு நடுவே வைக்கிற சிலிகான் துண்டையோ, இரவில் மட்டும் கட்டும் பட்டையையோ சில வாரங்களுக்குப் போடச் சொல்கிறார்கள். ஸ்குரு உறுதியாக நிற்கிறது, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றால் சிலர் எதுவும் தருவதில்லை. தராதவர் அலட்சியக்காரர் இல்லை. பட்டை போட்டால் கோணல் திரும்பி வராது என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆபரேஷனே செய்யாத பெரியவர்களின் கோணலைப் பட்டை நிமிர்த்திவிடும் என்பதற்கும் அப்படித்தான். கட்டியிருக்கும்வரை விரல் நேராக இருக்கும், வலியும் கொஞ்சம் குறையலாம். பெட்டி மேல் போட்டிருக்கும் படம் விற்பனைக்கானது.

'போட்டால் போடட்டுமே, என்ன கெட்டுப்போகும்?' என்று அண்ணன் கேட்டார். கெட்டுப்போகும். பட்டை விரலை வெளியே இழுக்கிறது. ஏற்கெனவே இழுத்துத் தைத்த விரலை நாமும் இறுக்கி இழுத்தால், எதிர்த்திசையில் கோண வாய்ப்பு உண்டு. அந்தக் கோணலைச் சரிசெய்வது பழையதைவிடச் சிரமம், செருப்புக்குள்ளேயே கால் போகாது. நடுவில் வைக்கிற சிலிகான் துண்டு பெரிதாக இருந்தால் இரண்டாம் விரல் தள்ளப்படும்.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாதம் மரத்துப்போயிருந்தால் பட்டை அழுத்துவதே தெரியாது. காலையில் அவிழ்க்கும்போது புண் இருக்கும். டாக்டரே போடச் சொல்லியிருந்தாலும், தினமும் அவிழ்த்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று, விரல் விறைத்துப்போவது. திரும்பக் கோணிவிடுமோ என்ற பயத்தில் இரவும் பகலும் கட்டியே வைத்திருந்தால் விரல் நேராக இருக்கும், ஆனால் மடங்காது. நம் வாழ்க்கைக்கு மடங்குகிற கட்டைவிரல் வேண்டும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழும்போதும், வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிரும்போதும், தேசிநாதேஸ்வரர் கோயிலில் முட்டி போட்டு விழுந்து கும்பிடும்போதும் எடை முழுக்க மடங்கிய விரல்களில்தான் இறங்குகிறது. அதனால் டாக்டரிடம் 'பட்டை எப்போ போடணும்?' என்பதைவிட, 'விரலை எப்போதிலிருந்து மடக்கலாம்?' என்று முதலில் கேளுங்கள். அவர் சரி என்றதும், விரலின் அடிப்பகுதியைக் கையால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். விரல் மூட்டையே இணைத்த ஆபரேஷன் என்றால் மட்டும் இந்தப் பயிற்சி கிடையாது.

பிசியோதெரபிக்காக ஒவ்வொரு முறையும் பஸ் ஏற முடியுமா என்று கேட்பீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியது நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றே பலர் நினைத்திருக்கிறோம், வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வருகிறவரிடம் டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரேவையும் காட்டுங்கள்.

செருப்பும் ஸ்டூலும்

1958-ல் ஹாங்காங்கில் ஓர் ஆய்வு வெளியானது. ஷூ போட்டுப் பழகியவர்களில் 100-க்கு 33 பேருக்கு இந்தக் கோணல் இருந்தது. ஷூ போடாதவர்களில் 100-க்கு 2 பேருக்கும் குறைவு. அதற்காகச் செருப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பெரியம்மா வாழ்நாளில் ஷூ போட்டதில்லை, ஆனால் எங்கள் ஆயாவுக்கும் இதே கால். குடும்பவாகும் உண்டு, பெண்களுக்கு அதிகம் வருவதும் உண்மை. காரணம் எதுவானாலும் ஆபரேஷனுக்குப் பிறகு முனை குறுகிய செருப்பு வேண்டாம். முதல் வாரங்களில் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற தட்டையான, கெட்டி அடி வைத்த ஷூதான். அதற்குப் பிறகு முன்பக்கம் அகலமாக, மேலே ஒட்டும் பட்டை வைத்தது நல்லது, வீக்கத்துக்குத் தக்கபடி தளர்த்திக்கொள்ளலாம். விரலிடுக்கில் வார் போகிற செருப்பைத் தழும்பு ஆறும்வரை ஒதுக்கிவையுங்கள்.

வீக்கம் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது என் வருத்தம். மூன்று மாதம் ஆகியும் சாயங்காலம் கால் வீங்குகிறதே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட லேசாக இருக்கும். காலைத் தலையணை மேல், நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். ஆனால் காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. திடீரென்று மூச்சு வாங்கினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நின்று பார்க்கிற வேலைக்குத் திரும்ப 8 முதல் 12 வாரம் ஆகலாம். அதற்கு முன்பே கடையிலிருந்து போன் வந்துவிடுகிறது. சம்பளம் இல்லாத மாதங்கள் என்பதால் பெரியம்மாவும் போகத் துடிக்கிறார். கடைகள், நிறுவனங்களில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காருவது முதலாளி காட்டும் தயவு அல்ல. வேலைக்குச் சேரும்போது, எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

கடைசியாக மெட்டி. ஆபரேஷனுக்குக் கழற்றியதை எப்போது போடலாம் என்பது பெரியம்மாவின் முதல் கேள்வியே. வீக்கம் நன்றாக வடிந்த பிறகு போடலாம். பழைய அளவு சேராமல் போகலாம் என்பதால், வாய் திறந்த, தளர்த்திக்கொள்ளக்கூடிய மெட்டியாகப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் முத்தோ பூவோ துருத்திக்கொண்டிருக்கிற டிசைன் வேண்டாம்.